ஆக்சிஜன் உணரி நிலைக்கிறது, பிஎச் உணரி சாயம் போகிறது: ஏன்?

கேள்வியை என் சொற்களில் ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன். தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். கண்ணாடி ஒளியிழை ஒன்றின் முனையில் பிஎச்சுக்கேற்ப நிறம் மாறும் புரோமோதைமால் நீலம் என்ற சாயம் கலந்த ஹைட்ரோஜெல்லை, அதாவது நீரை ஏற்று ஊறும் பாலிமரை, பூசி பிஎச் உணரி செய்திருக்கிறீர்கள். ஆரஞ்சு நிற எல்இடி ஒன்றின் ஒளியை இழைக்குள் அனுப்பி, பூச்சில் பட்டுத் திரும்பும் ஒளியை அளக்கிறீர்கள். பிஎச் எளிதில் மாறாத தாங்கல் கரைசல்களில் அழகாக வேலை செய்தது. நீர்த்தொட்டியில் இறக்கிய முதல் நாள் 7.4 காட்டியது, பத்தாம் நாள் 6.9. பக்கத்திலேயே இருக்கும், பிஎச் அளக்கும் வழக்கமான கண்ணாடி மின்முனையோ பத்து நாளும் 7.4-ஐ விட்டு நகரவில்லை. இழை வளைந்த இடத்தில் ஒளி கசிகிறதா, இன்னும் தரமான இழை வாங்க வேண்டுமா என்பது நீங்கள் கேட்ட கேள்வி. ஆனால் கடைசி வரியில், போகிற போக்கில், அதே தொட்டியில் கிடக்கும் ஒளியிழை ஆக்சிஜன் உணரி மட்டும் மாதக்கணக்கில் பிசகாமல் ஓடுகிறதே என்று அலுத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கென்னவோ அந்தக் கடைசி வரிதான் உண்மையான கேள்வி என்று படுகிறது. இரண்டுமே ஒளியிழை, இரண்டுமே பாலிமருக்குள் சாயம். அப்படியிருக்க ஒன்று நிலைக்கிறது, மற்றொன்று ஏன் நிலைக்கவில்லை?

பதிலுக்குள் போகுமுன் என் எல்லையைச் சொல்லிவிடுகிறேன். நீரில் வைக்கும் உணரிகளுக்குப் பூச்சு தயாரிப்பதும், அவை ஏன் கெட்டுப்போயின என்று பிரித்துப் பார்ப்பதும் என் பல வருடத்து வேலை. இரத்தத்துக்குள் வைக்கும் உணரிகளைப் பற்றி எனக்கு இருப்பது படிப்பறிவு மட்டுமே. உங்கள் உணரியையும் நான் கண்ணால் பார்க்கவில்லை. எனவே கீழே வருவதில் எது உறுதி, எது ஊகம் என்று ஆங்காங்கே பிரித்தே சொல்கிறேன்.

முதலில் இழையை விடுவித்துவிடலாம். இதற்குப் பெரிய சோதனைகூட வேண்டாம், விலகல் எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று பார்த்தாலே போதும். புரோமோதைமால் நீலத்துக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. அமில வடிவம் மஞ்சள். அது 433 நானோமீட்டர் அருகே ஒளியை உறிஞ்சும். கார வடிவம் நீலம். அது 616 நானோமீட்டர் அருகே உறிஞ்சும். உங்கள் ஆரஞ்சு எல்இடி பார்ப்பது நீல வடிவத்தை மட்டுமே. திரும்பி வரும் ஒளி குறைந்தால் உங்கள் கருவி என்ன முடிவுக்கு வரும்? உறிஞ்சல் கூடியிருக்கிறது, நீலம் அதிகமாகியிருக்கிறது, ஆகவே பிஎச் ஏறியிருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ளும். இழை வளைந்து ஒளி கசிந்தாலும், எல்இடி வயதாகி மங்கினாலும், இணைப்பியில் தூசி படிந்தாலும் ஒளி குறையும். அளவு மேலேதான் போகும். உங்களுடையது கீழே போயிருக்கிறது. அதாவது நாளுக்கு நாள் அதிக ஒளி திரும்பி வந்திருக்கிறது. வளைந்த இழை ஒளியைத் திருடும், கூட்டித் தராது. புது இழை வாங்கும் பணத்தை மிச்சப்படுத்திக்கொள்ளுங்கள்.

அப்படியானால் அதிக ஒளி எங்கிருந்து வருகிறது? உறிஞ்ச வேண்டிய சாயம் குறைந்திருக்க வேண்டும் என்பது முதல் சந்தேகம். எவ்வளவு குறைந்தால் இந்த விலகல் வரும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பூச்சுக்குள் இந்தச் சாயத்தின் பிகேஏ, அதாவது சாயத்தில் பாதி மஞ்சளாகவும் பாதி நீலமாகவும் இருக்கும் பிஎச், 7.1 என்று வைத்துக்கொள்வோம். கரைசலில் அவ்வளவுதான், பூச்சுக்குள் சற்று மாறியிருக்கலாம். பிஎச் 7.4-இல் சாயத்தின் மூன்றில் இரண்டு பங்கு நீல வடிவில் இருக்கும். 6.9-இல் 39 சதவீதம் மட்டுமே நீலமாக இருக்கும். மொத்தச் சாயம் மாறவே இல்லை என்று நம்பிக்கொண்டிருக்கும் கருவிக்கு, சாயத்தில் ஏறத்தாழ 42 சதவீதம் காணாமல் போயிருந்தால், 7.4 நீர் 6.9 போலத் தெரியும். பத்து நாளில் இவ்வளவு சாயம் போகுமா என்று தோன்றலாம். வெறுமனே கலந்து பூசிய ஹைட்ரோஜெல் என்றால் தாராளமாகப் போகும். அதைவிட வேகமாகப் போனவற்றையும் பார்த்திருக்கிறேன்.

இங்கேதான் ஆக்சிஜன் உணரியோடு ஒப்பிடுவது பயன்படுகிறது. பூச்சில் இருக்கும் பாலிமரைச் சாயத்தைப் பிடித்துவைக்கும் பசை என்றே பலரும் நினைக்கிறார்கள். அதை வாயில்காப்போன் என்று நினைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். யார் உள்ளே வரலாம், யார் வெளியே போகலாம் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. ஆக்சிஜன் உணரியில் பெரும்பாலும் இருப்பது பாலிஸ்டைரின் போன்ற, நீரை ஒதுக்கும் பாலிமர். அதற்குள் கரைந்திருப்பது பிளாட்டினம் போர்ஃபைரின் வகைச் சாயம். அதுவும் நீரை வெறுப்பது. வெளியே நீர், உப்பு, புரதம், பாசி என்று எது இருந்தாலும் அந்தப் பாலிமருக்குள் கரைந்து நுழையக்கூடியது ஆக்சிஜன் போன்ற சிறு வாயு மூலக்கூறுகள்தான். அயனிகளுக்குக் கதவு அடைப்பு. உள்ளே இருக்கும் சாயத்துக்கும் வெளியே போக ஆசை இல்லை. நீருக்குள் போனால் அதனால் கரைந்திருக்க முடியாது. பூட்டிய வீட்டுக்குள் ஜன்னல் வழியே காற்று மட்டும் வருவது போன்ற வசதியான ஏற்பாடு.

பிஎச் உணரிக்கு இந்த வசதி கிடையாது. ஹைட்ரஜன் அயனி நீரோடுதான் நடமாடும். அது உள்ளே வர வேண்டுமென்றால் நீர் உள்ளே வர வேண்டும். எனவே பாலிமர் நீரை ஏற்று ஊறக்கூடியதாக இருந்தாக வேண்டும். நீருக்குக் கதவைத் திறந்துவிட்டால் அதோடு உப்பு வரும், கரைந்த கரிமப் பொருள்கள் வரும். அதே கதவு வழியாகச் சாயம் வெளியே நடந்து போகும். புரோமோதைமால் நீலம் போன்ற சாயங்களில் சல்ஃபோனிக் அமிலப் பகுதி உண்டு. நடுநிலை நீரில் அது மின்னூட்டம் பெற்று நன்றாகக் கரையும், நீல வடிவம் மஞ்சளைவிடக் கூடுதலாகக் கரையும். ஆக நீங்கள் எந்தக் கதவைத் திறந்தால்தான் உணரி வேலை செய்யுமோ, அதே கதவுதான் அதைக் கொல்கிறது. உங்கள் கைத்திறன் குறை என்று நினைக்காதீர்கள். இந்த முரண் பிஎச் உணரியோடு கூடவே பிறந்தது.

முதலில் இதைச் செய்தவர்களுக்கு இது தெரிந்தே இருந்தது. 1980-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஜான் பீட்டர்சனும் அவருடைய குழுவினரும் உடலுக்குள் வைத்துப் பார்ப்பதற்கான ஒளியிழை பிஎச் உணரியை வெளியிட்டார்கள். இரண்டு மெல்லிய பிளாஸ்டிக் இழைகள், முனையில் செல்லுலோஸ் குழாய். உள்ளே பீனால் ரெட் சாயம். அந்தச் சாயத்தை அவர்கள் அப்படியே கலந்துவிடவில்லை. பாலிஅக்ரிலமைடு நுண்மணிகளோடு வேதிப்பிணைப்பால் கட்டிப்போட்டிருந்தார்கள். ஒளியைச் சிதறடித்துத் திருப்பி அனுப்பப் பாலிஸ்டைரின் நுண்மணிகளையும் சேர்த்திருந்தார்கள். பச்சை ஒளியைச் சாயம் உறிஞ்சியது. சாயம் தொடாத சிவப்பு ஒளியை ஒப்பீட்டுக்கு வைத்தார்கள். உடலியலுக்கு வேண்டிய 7.0 முதல் 7.4 வரையிலான சிறு இடைவெளியில் 0.01 வரை பிரித்துக் காட்டியது அந்த உணரி. இன்றைக்கும் நல்ல பிஎச் உணரி ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் இந்த மூன்று யோசனைகளும் ஏதோ ஒரு வடிவில் உள்ளே இருக்கும்: கட்டிப்போட்ட சாயம், சிதறடிக்கும் துகள், ஒப்பீட்டு ஒளி. உங்கள் உணரியில் மூன்றுமே இல்லை என்று நீங்கள் எழுதியதிலிருந்து தெரிகிறது.

கட்டிப்போடுவது எப்படி? துணிக்குச் சாயமேற்றும் தொழிலைப் பாருங்கள். பருத்தி நூலின் செல்லுலோஸோடு வினைபுரிந்து பிணையும் ரியாக்டிவ் சாயங்கள் எத்தனை முறை துவைத்தாலும் எளிதில் போவதில்லை. வினைல் சல்ஃபோன் என்ற தொகுதி அந்தப் பிணைப்பைச் செய்கிறது. அதே தொகுதியுள்ள அசோ வகை நிறங்காட்டிச் சாயங்களைச் செல்லுலோஸ் படலத்தில் பிணைத்து பிஎச் உணரி செய்வது நன்கு நிலைபெற்ற வழி. இன்னொரு வழி, சாயத்தோடு வினைல் அல்லது அக்ரிலேட் தொகுதி ஒன்றை ஒட்டவைத்து, பாலிமர் உருவாகும்போதே சங்கிலியின் உறுப்பாக அதைச் சேர்த்துவிடுவது. மூன்றாவது, எதிர்மின்னூட்டச் சாயத்தை நேர்மின்னூட்டம் கொண்ட பாலிமரோடு அயனி ஈர்ப்பால் பிடித்துவைப்பது. செய்ய எளிது, ஆனால் உப்பு அதிகமான நீரில் இந்தப் பிடி தளரும். கடல்நீருக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். எந்த வழியில் கட்டினாலும் ஒன்றை மறக்க வேண்டாம். கட்டிய பின் சாயத்தின் பிகேஏ நகர்ந்துவிடும். புத்தகத்தில் உள்ள எண்ணை வைத்துக் கணக்குப் போடக் கூடாது, பூச்சிலேயே புதிதாக அளக்க வேண்டும்.

சாயம் கசிகிறதா, அல்லது ஒளி பட்டு வெளுக்கிறதா என்று பிரித்தறிய ஒரு சோதனை உண்டு. இதைத்தான் நான் எப்போதும் முதலில் செய்வேன். ஒரே நாளில் பூசிய மூன்று முனைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மிகச் சிறிய குப்பியில், அரை மில்லிலிட்டர் அளவு தாங்கல் கரைசலில், இருட்டில் வையுங்கள். இரண்டாவதை உலர்வாக வைத்து எல்இடி ஒளியைத் தொடர்ந்து பாய்ச்சுங்கள். மூன்றாவதை உலர்வாகவும் இருட்டாகவும் விட்டுவிடுங்கள். இரண்டு நாள் கழித்து முதல் குப்பியில் நீர்த்த காரம் ஒரு துளி விட்டு, அதை வெள்ளைத் தாளின் மேல் வைத்து, பக்கவாட்டில் பார்க்காமல் மேலிருந்து குனிந்து பாருங்கள். திரவத்தின் முழு ஆழத்தையும் கண் ஊடுருவும்போது, பக்கவாட்டில் தெரியாத மிக லேசான நீலமும் தெரிந்துவிடும். ஒருமுறை அப்படி அசையாமல் வைத்திருந்த குப்பியை உருப்பெருக்கியால் பார்த்தபோது, முனையைச் சுற்றிப் புகை போல மெல்லிய நிறம் கீழ்நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. மூன்று மாதமாக மின்னணுச் சுற்றைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். அன்றைக்கு எங்கள் சாயம் இரு பொருளிலும் வெளுத்தது.

உங்கள் விஷயத்தில் கசிவுதான் காரணம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். இன்னொரு சாத்தியம் உண்டு, அதையும் தள்ளிவிட முடியாது. தொட்டிநீரில் பத்து நாள் கிடந்த எதன்மீதும் வழுவழுப்பான உயிர்ப்படலம் படியும். அது இரண்டு வகையில் குழப்பும். படலம் ஒளியைச் சிதறடித்துத் திருப்பி அனுப்பினால், திரும்பும் ஒளி கூடி, பிஎச் குறைந்தது போலத் தெரியும். அதைவிடச் சுவாரசியமானது இரண்டாவது வகை: படலத்தில் உள்ள நுண்ணுயிர்கள் சுவாசித்துக் கார்பன் டைஆக்சைடை வெளிவிடுவதால், பூச்சின் மேற்பரப்பில் பிஎச் உண்மையிலேயே குறைந்திருக்கலாம். அப்போது உங்கள் உணரி உண்மையைத்தான் சொல்கிறது. ஆனால் தொட்டியைப் பற்றிய உண்மையை அல்ல, தன் தோலைப் பற்றிய உண்மையை. பிரித்தறிவது எளிது. முனையை மென்மையான தூரிகையால் துடைத்து, புதிய 7.4 தாங்கல் கரைசலில் வையுங்கள். அளவு 7.4-க்குத் திரும்பினால் குற்றவாளி உயிர்ப்படலம். 6.9-லேயே நின்றால் சாயம். பாதியில் நின்றால் இரண்டும். என் அனுபவத்தில் அடிக்கடி நேர்வது இதுதான்.

ஒளியை அளக்கும் முறைக்கு வருகிறேன். இங்கே நல்ல மாணவர்களும் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. இரண்டு அலைநீளங்களில் அளந்து விகிதம் எடுத்தால் எல்லாப் பிழையும் ஒழிந்துவிடும் என்று சொல்வார்கள். எந்த விகிதம் என்பதுதான் கேள்வி. சாயம் உறிஞ்சும் 616 நானோமீட்டர் ஒளியையும், சாயம் அறவே தொடாத 750-க்கு மேற்பட்ட ஒளியையும் விகிதமாக்கினால் இழையின் வளைவும் இணைப்பியின் தூசியும் பெருமளவு நீங்கும். சாயம் குறைந்ததால் வரும் பிழை நீங்காது. அதை நீக்க மூன்றாவது அலைநீளம் வேண்டும். 500 நானோமீட்டர் அருகே இந்தச் சாயத்தின் மஞ்சள் வடிவமும் நீல வடிவமும் ஒரே அளவு உறிஞ்சும். பிஎச் எப்படி மாறினாலும் அங்கே உறிஞ்சல் மாறாது. அந்த இடம் சாயத்தின் மொத்த அளவைச் சொல்லும் தராசு. 750-ஐ அடிப்படையாகக் கொண்டு 616-இல் உறிஞ்சலையும் 500-இல் உறிஞ்சலையும் தனித்தனியே கணக்கிட்டு, அந்த இரண்டு உறிஞ்சல்களின் விகிதத்தை எடுக்க வேண்டும். வெறும் ஒளிச்செறிவுகளின் விகிதத்தை எடுத்தால் போதாது. உறிஞ்சல் என்பது ஒளிச்செறிவு விகிதத்தின் மடக்கை. இதை விட்டுவிட்டு, மூன்று எல்இடி வைத்தும் விலகுகிறதே என்று வருந்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். சிதறடிக்கும் துகள்கள் உள்ள பூச்சில் மடக்கை உறவு கச்சிதமாக இருக்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அங்கே பிஎச் தெரிந்த கரைசல்களில் அளந்து வரைந்த அளவுத்திருத்த வளைவை நம்புங்கள், சூத்திரத்தை அல்ல.

இந்த மூன்று அலைநீள வித்தையும் முழுமையாகக் காப்பாற்றாது. பூச்சுக்குள் சாய மூலக்கூறுகள் எல்லாம் ஒரே சூழலில் இருப்பதில்லை. சில நீர் நிறைந்த இடத்தில் இருக்கும், சில பாலிமர் அடர்ந்த மூலையில். ஒவ்வொன்றின் பிகேஏவும் சற்று வேறு. எளிதில் எட்டக்கூடிய இடத்தில் இருப்பவை முதலில் கசியும். மிஞ்சியவற்றின் சராசரி பிகேஏ, ஆரம்பத்தில் இருந்த சராசரி அல்ல. இந்தப் பிழையை எந்த விகிதமும் திருத்தாது. மறுபடி அளவுத்திருத்தம் செய்வது ஒன்றே வழி.

ஆக்சிஜன் உணரி இந்தச் சிக்கலில் பெரும்பகுதியைத் தாண்டிப் போவது எப்படி என்று பார்த்தால், அதன் இரண்டாவது அதிர்ஷ்டம் புரியும். அதில் சாயம் ஒளியை உறிஞ்சிவிட்டு, சற்றுப் பொறுத்து, வேறு நிறத்தில் ஒளிர்கிறது. அந்த இடைவெளியில் ஆக்சிஜன் வந்து மோதினால், ஒளிர வேண்டிய ஆற்றலை அது வாங்கிக்கொள்கிறது, ஒளிர்வு தணிகிறது. ஓட்டோ ஸ்டெர்னும் மேக்ஸ் ஃபோல்மரும் 1919-இல் இந்தத் தணிப்புக்குச் சமன்பாடு தந்தார்கள். 1975-இல் லியூபர்ஸும் ஓபிட்ஸும் இத்தகைய ஒளி உணரிக்கு 'ஆப்டோட்' என்ற பெயரைக் கொடுத்தார்கள். தணியும்போது ஒளிர்வின் பிரகாசம் மட்டும் குறைவதில்லை, அது நீடிக்கும் நேரமும் குறைகிறது. ஆக்சிஜன் இல்லாதபோது சுமார் 60 மைக்ரோநொடி ஒளிரும் சாயம், காற்றோடு சமநிலையில் உள்ள நீரில் ஏறத்தாழ அதில் மூன்றில் ஒரு பங்கு நேரமே ஒளிரும். நேரத்தை அளந்தால் போதும் என்றான பின், சாயம் எவ்வளவு இருக்கிறது, எல்இடி எவ்வளவு பிரகாசம், இழை வளைந்ததா என்ற கேள்விகள் பெரும்பாலும் பொருளற்றவை. நூறு பேர் கைதட்டினாலும் அறுபது பேர் கைதட்டினாலும், ஓய எடுக்கும் நேரம் ஒன்றுதான்.

மைக்ரோநொடியை நேரடியாக அளக்க வேண்டியதில்லை. எல்இடியை ஒரே சீராக ஏற்றி இறக்கினால், ஒளிர்வும் அதே தாளத்தில் ஏறி இறங்கும்; ஆனால் கொஞ்சம் பின்தங்கும். அந்தப் பின்னடைவுக் கோணத்தை அளக்கிறோம். 60 மைக்ரோநொடிச் சாயத்துக்குச் சுமார் 2,650 ஹெர்ட்ஸில் ஏற்றி இறக்கினால் ஆக்சிஜன் இல்லாதபோது கோணம் 45 பாகை வரும். ஒளிர்வு நேரம் மூன்றில் ஒன்றாகக் குறையும்போது 18 பாகை ஆகிவிடும். இவ்வளவு பெரிய மாற்றத்தை எளிய மின்னணுச் சுற்றே அளந்துவிடும்.

ஆனால் அந்த ஆக்சிஜன் உணரியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். தணிக்க வந்த ஆக்சிஜன் ஆற்றலை வாங்கிக்கொண்டு, சிங்லெட் ஆக்சிஜன் என்ற ஆவேசமான வடிவுக்கு மாறுகிறது. அது பக்கத்தில் இருக்கும் சாயத்தையும் பாலிமரையும் தாக்கும். அளக்க வந்த பொருளே உணரியைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கிறது என்று சொல்லலாம். அதனால்தான் நல்ல கருவிகள் இடைவிடாமல் ஒளி பாய்ச்சுவதில்லை. சில நொடிகளுக்கு ஒருமுறை சிமிட்டி அளந்துவிட்டு அணைந்துவிடும். உங்கள் கருவியில் அளவீட்டு இடைவெளியை மாற்ற முடியுமானால், தேவைக்கு மேல் நெருக்கமாக வைக்காதீர்கள். சாயம் மிகவும் வெளுத்துவிட்டால் நேரத்தை அளக்கும் முறையும் ஏமாற்றும்; ஏனெனில் இழை, பசை, பிளாஸ்டிக் ஆகியவற்றின் சொந்த ஒளிர்வு நானோநொடிகளில் முடிந்துவிடுவது. சாயத்தின் ஒளி மங்க மங்க இந்தப் பின்னணியின் பங்கு கூடி, கோணத்தைக் குறைத்துக் காட்டும். அதை உணரி அதிக ஆக்சிஜன் என்று வாசிக்கும். வெப்பநிலையும் முக்கியம்: சூடு கூடினால் ஆக்சிஜன் இல்லாமலேயே ஒளிர்வு நேரம் குறையும், ஆக்சிஜன் விரவும் வேகமும் கூடும். வெப்பமானி இல்லாத ஆக்சிஜன் உணரி அரைக் கருவிதான். இன்னொன்றையும் பலர் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். இது அளப்பது ஆக்சிஜனின் பகுதி அழுத்தத்தை, லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்பதை அல்ல. 20 பாகை செல்சியஸில் காற்றோடு சமநிலையில் உள்ள நன்னீரில் சுமார் 9.1 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கும், கடல்நீரில் சுமார் 7.4 மட்டுமே. உணரிக்கு இரண்டும் ஒன்றே. உப்பளவை நீங்கள்தான் கருவிக்குச் சொல்ல வேண்டும்.

பிஎச் உணரியிலும் நேரத்தை அளக்கலாமே என்று கேட்பீர்கள். முயன்றிருக்கிறார்கள். பிஎச்சுக்கு ஒளிரும் சாயங்கள் பெரும்பாலும் நானோநொடிகளில் அணைந்துவிடுவதால், அவற்றோடு மைக்ரோநொடிகள் நீடிக்கும் ருத்தேனியம் சாயம் ஒன்றைச் சேர்ப்பார்கள். ஆக்சிஜன் அதைத் தணிக்காதிருக்க, வாயு எளிதில் புகாத பாலிஅக்ரிலோநைட்ரில் நுண்துகள்களுக்குள் அதை அடைத்துவிடுவார்கள். இரண்டின் கூட்டு ஒளியின் கோணம், இரண்டும் எந்த விகிதத்தில் ஒளிர்கின்றன என்பதைச் சொல்லும். அழகான யோசனை. இழை, எல்இடி தொடர்பான பிழைகள் நீங்கும். ஆனால் பிஎச் சாயம் மட்டும் கசிந்தாலோ வெளுத்தாலோ விகிதம் மாறும். கோணமும் கூடவே நகரும். கதவுப் பிரச்சினை அப்படியேதான் இருக்கிறது.

பூச்சின் தடிமன் பற்றி நீங்கள் கேட்கவில்லை; ஆனால் கசிவைக் கண்டதும் தடிமனாகப் பூசிப் பார்க்கலாம் என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. விரவல் நேரம், அதாவது மூலக்கூறுகள் பூச்சுக்குள் பரவிக் கடக்க எடுக்கும் நேரம், தடிமனின் இருமடியைப் பொறுத்தது. நீரில் சிறு மூலக்கூறுகள் விரவும் வேகத்தை வைத்துக் கணக்கிட்டால் 10 மைக்ரோமீட்டர் பூச்சைக் கடக்க 0.1 நொடி போதும். 100 மைக்ரோமீட்டருக்கு 10 நொடி. ஹைட்ரோஜெல்லுக்குள் வேகம் இதைவிடக் குறைவு. போதாததற்கு, வரும் ஹைட்ரஜன் அயனிகளைச் சாயமே வழியில் பிடித்துக்கொள்ளும். நீர் நல்ல தாங்கல் திறன் உடையதாக இருந்தால் பரவாயில்லை. மழைநீர் போன்ற மெலிந்த நீரில், சாயம் செறிந்த தடித்த பூச்சு நிமிடக்கணக்கில் ஊசலாடும். ஏனெனில் அந்த நீருக்குப் பூச்சையே மாற்றும் அளவுக்குச் சரக்கு இல்லை. மெல்லிய பூச்சும், உள்ளே டைட்டானியம் டைஆக்சைடு போன்ற வெண்துகளும் சேர்ந்தால், தடிமன் கூட்டாமலே வேண்டிய ஒளி திரும்பி வரும். பூசுமுன் கண்ணாடி முனையை, கண்ணாடியோடு பூச்சைப் பிணைக்கும் சிலேன் என்ற சேர்மம் கொண்டு பதப்படுத்துங்கள். ஹைட்ரோஜெல் நீரில் ஊறி உப்பும்போது பதப்படுத்தாத கண்ணாடியிலிருந்து தோல் உரிவது போல உரிந்துவரும். இடையில் ஒரு நீர்ப்படலம் புகுந்துவிட்டால் அதன்பின் வரும் எண் எதற்கும் பொருளில்லை. இழையின் முனையை விட்டுவிட்டு, பக்கவாட்டு உறையை உரித்து அங்கே பூசும் முறையும் உண்டு. அதில் ஒளி கண்ணாடிக்கு வெளியே சில நூறு நானோமீட்டருக்குள் மட்டுமே எட்டிப் பார்க்கும். நீண்ட தூரத்தில் வாயு கசிவைக் கண்டுபிடிக்க நல்லது. உங்கள் தொட்டிக்கு வேண்டாம்.

எல்லை ஒன்றும் உண்டு. சாயத்தின் பிகேஏக்கு மேலும் கீழும் ஒரு பிஎச் வரைதான் நல்ல உணர்திறன். பிகேஏயிலேயே 0.01 பிஎச் மாறினால் சாயத்தில் 0.58 சதவீதம் நிறம் மாறும்; இரண்டு பிஎச் தள்ளிப் போனால் அதே மாற்றத்துக்கு 0.02 சதவீதம்தான். கண்ணாடி மின்முனையைப் போல 2 முதல் 12 வரை ஒரே சாயத்தில் எதிர்பார்க்க முடியாது. நீரின் உப்பளவு மாறினாலும் பிகேஏ நகரும். நன்னீர்த் தாங்கலில் திருத்திவிட்டு உவர்நீரில் வைத்தால், சாயம் புத்தம்புதியதாக இருந்தாலும் பிஎச்சில் முதல் தசம இடமே தவறலாம்.

ஆகவே நேர்மையாகச் சொன்னால், உங்கள் தொட்டியில் கண்ணாடி மின்முனை நிம்மதியாக ஓடிக்கொண்டிருக்கும்போது அதை இந்த உணரியால் மாற்றுவதற்குக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. வலுவான மின்புலமோ காந்தப்புலமோ உள்ள இடம், தீப்பொறி ஆகாத இடம், ஊசிமுனை அளவே இடைவெளி உள்ள திசு, திறக்கவே கூடாத வளர்ப்புக்கலம் ஆகியவையே இதன் களங்கள். வளர்ப்புக்கலத்தில் பூச்சை உள்சுவரில் ஒட்டிவிட்டு, இழையை வெளியே வைத்து ஒளிபுகும் சுவர் வழியாகவே படிக்கலாம். வேலை சில வாரங்களில் முடிந்ததும் கலத்தோடு சேர்த்துப் பூச்சையும் எறிந்துவிடுவார்கள். விலகல் பெரிதாகுமுன் உணரியின் ஆயுளே முடிந்துவிடுவதால் அங்கே எல்லாரும் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள்.

கற்றுக்கொள்வதற்காகவே செய்கிறீர்கள் என்றால் இந்த வரிசையில் போங்கள். இன்றைக்கே முனையைத் துடைத்து புதிய 7.4 தாங்கலில் வைத்துப் பாருங்கள். பிறகு இருட்டுக் குப்பிச் சோதனை. நீலம் தெரிந்தால் கலந்து பூசுவதை விட்டு, பிணைத்த சாயத்துக்கு மாறுங்கள். பிணைத்த பிறகும் கழுவும் நீர் நிறமற்று வரும்வரை, தேவையானால் பல நாள், கழுவுங்கள். பிணையாத மிச்சச் சாயம்தான் முதல் வாரத்து விலகலின் பெரும்பகுதி. அதன்பின் 500 நானோமீட்டர் எல்இடி ஒன்றையும் 750-க்கு மேல் ஒன்றையும் சேருங்கள். இவ்வளவும் செய்தபின் நான் எட்டியது, வாரம் ஒருமுறை ஒரே ஒரு தாங்கல் கரைசலில் சரிபார்த்துக்கொண்டால் சில வாரங்களுக்கு 0.05 பிஎச்சுக்குள் நிற்கும் உணரி. சரிபார்க்காமல் விட்ட எதையும் நான் ஒரு மாதத்துக்கு மேல் நம்பியதில்லை. துடைத்துப் பார்த்த எண்ணையும் குப்பியின் நிறத்தையும் எழுதுங்கள். அதிலிருந்து மேற்கொண்டு பேசலாம்.